பாட்டி கையளவை எழுதி வைப்போம்

சமையல்மேல் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆசை. இன்று ஒரு செய்முறையும் ஒரு வேண்டுகோளும்.

எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் 'சமைத்துப் பார்' புத்தகத்தை வெளியிட்டார். செய்முறைகளை அளவோடு எழுதியதால் இன்றும் பல வீடுகளில் அது உதவுகிறது. நம் கொங்குச் சமையலில் பலவும் பாட்டிமார் கையளவிலேயே நிற்கின்றன. அவர்களோடு அதுவும் போய்விடக் கூடாது.

அரிசிம்பருப்பையே எடுத்துக்கொள்வோம். 1 டம்ளர் புழுங்கலரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பை 20 நிமிடம் ஊறவையுங்கள். குக்கரில் எண்ணெய் விட்டு கடுகு, சீரகம், மிளகு, 3 வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, 10 சின்ன வெங்காயம், 5 பல் பூண்டு, ஒரு தக்காளி வதக்குங்கள். மஞ்சள்தூள், உப்பு, மூன்றரை டம்ளர் தண்ணீர் சேர்த்து, கொதித்ததும் அரிசி பருப்பைப் போட்டு 3 விசில். மேலே நெய். பனியன் கம்பெனி ஷிப்ட் முடிந்து வந்தாலும் சுலபமாகச் செய்யலாம்.

வீட்டுப் பெரியவர்கள் சமைக்கும்போது பக்கத்தில் நின்று, அவர்கள் அள்ளிப் போடுவதை டம்ளரில் அளந்து எழுதுங்கள். நம் குடியிருப்பிலுள்ள வெளிமாநிலக் குடும்பங்களும் அவர்கள் ஊர்ச் சமையலை எழுதித் தரலாம். வீட்டுக்கு ஒன்று போதும்; அடுத்த இதழில் சேர்த்துப் போடுவோம்.