வீடு திரும்பிய நோயாளியும் நம் கடமையும்

(யூபிலி ஆண்டுப் பங்குக் கூட்டத்தில், நோயாளரைச் சந்திக்கும் குழுவினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நம் இராயபுரத்துக்குப் பெயர் தந்த புனித இராயப்பரை நாம் நினைக்காத நாளில்லை. அவருடைய மாமியாரைத்தான் யாரும் நினைப்பதில்லை. காய்ச்சலில் கிடந்த அந்த அம்மாள், ஆண்டவர் குணமாக்கியதும் எழுந்து வந்தவர்களுக்குப் பணிவிடை செய்தார் என்று நற்செய்தியில் வாசிக்கிறோம். நம் தெருவாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "நீ ஏம்மா எழுந்தே, போய்ப் படு" என்று மகளும் மருமகனும் மறுபடி படுக்க வைத்திருப்பார்கள்! சிரிக்கிறீர்கள். நாங்களும் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

வடசென்னைக்காரர்களாகிய நமக்கு ஆஸ்பத்திரி புதிதல்ல. 1782-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய இடத்திலிருந்து வளர்ந்ததே ஸ்டான்லி மருத்துவமனை; பெரியவர்கள் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம் என்ற அரசுத் திட்டமும் 2021 டிசம்பரில் வந்தது. உயிர் பிழைக்கிறது. பிறகு? ஆட்டோவிலிருந்து இறக்கி, சந்துக்குள் நாலு பேர் தூக்கிச் சென்று கட்டிலில் கிடத்துகிறோம். அந்தக் கட்டிலைவிட்டு அவர் எழுவாரா என்பது பெரும்பாலும் அடுத்த சில வாரங்களில் தீர்மானமாகிவிடுகிறது.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய ஒருவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. வீடு திரும்பியதும் நாங்கள் முறைவைத்துப் போனோம். ஊட்டினோம், குளிப்பாட்டினோம், கைகளைப் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தோம். புண்ணியம் செய்கிறோம் என்ற பெருமை வேறு! மூன்று மாதத்தில் அந்த மனிதர் தானாக உட்காரவும் முடியாதவராகிவிட்டார். இயன்முறை மருத்துவர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவர் தன் கையால் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு?" அவருடைய இடக்கை நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கையில் ஒரு ஸ்பூனைக் கொடுக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செயலிழந்த வலக்கையைப் பிடித்து இழுத்ததால் தோள் மூட்டு இறங்கியிருப்பதையும் அவர் காட்டினார். அவர் மனைவி எங்களைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மனம் சற்று ஆறியிருக்கும்.

அந்த இயன்முறை மருத்துவர் வந்தது 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில். 2021 ஆகஸ்ட் 5-ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் அது. சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீடு தேடி மாத்திரை வருவது பலருக்குத் தெரியும். உடற்பயிற்சி கற்றுத்தரவும் வீட்டுக்கே ஆள் வருவார் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். ஆனால் அவரும் தினம் வர இயலாது. ஒரு வருகைக்கும் மறு வருகைக்கும் நடுவிலே உள்ள நாட்கள் வீட்டாருடையவை. அண்டை வீட்டாராகிய நம்முடையவை.

அடுத்து ஒரு ஆயா. காசிமேட்டில் மீன் விற்றவர். வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, அறுவை செய்து வந்தவர். இம்முறை நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டு போனோம். முதல் நாள் ரவிக்கை போட்டுக்கொள்ள ஆயாவுக்கு முக்கால் மணி நேரம். நாங்கள் பக்கத்தில் நின்றோம், கை கொடுக்கவில்லை. "ஒத்தாசைக்கு வந்துட்டு கையைக் கட்டிக்கினு நிக்கிறீங்களே, நல்லாருக்கா?" என்று திட்டினார். அதைக்கூடத் தாங்கலாம். "கிழவியை இந்த நிலையிலும் வேலை வாங்குறா பாரு" என்று அக்கம்பக்கம் பேசியதில் மருமகள் அழுதேவிட்டாள். அந்தப் பெண்ணோ எண்ணூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் தினக்கூலி. மாமியார் படுத்தே கிடந்தால் இவள் வேலையை விட வேண்டும். விட்டால் பிள்ளைகளின் பள்ளிக்கட்டணம் என்னாவது? இதையெல்லாம் பேசுகிறவர்கள் யோசிப்பதில்லை.

குந்தி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் கமோடு நாற்காலி ஒன்று தேடிப் பிடித்தோம். வாசற்படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்று பழக்கினோம். மூன்றாம் வாரம் நாற்காலியில் உட்கார்ந்தபடி வெங்காயம் உரித்தார். பிறகு மீன் ஆய்ந்தார். எங்கள் ஆய்தல் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் ஒரு காரணம்!

பக்கவாதக்காரர் வீட்டிலும் இப்படிச் சில சின்ன விஷயங்கள் உண்டு. சட்டை போடும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கை கடைசி. நிமிர்த்தி உட்கார வைக்காமல் தண்ணீரோ கஞ்சியோ கொடுக்கக் கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். எழவே இயலாதவரை இரண்டு மணிக்கொருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். எல்லாரும் எழுந்துவிடுவார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. இறுதிவரை பராமரிக்க வேண்டியவர்களும் நம் பங்கில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் போவது நிற்காது.

வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். பின்னர் சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். அவர் முயற்சியால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. அவரை யாரேனும் "நீங்கள் படுத்திருங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நிறுத்தியிருந்தால்?

இங்கிலாந்தில் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்புகிற பெரியவர்களில் தேவைப்படுவோருக்கு, தம் வேலையைத் தாமே செய்யப் பழக்கும் உதவி ஆறு வாரம் வரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. நாங்களும் அந்த ஆறு வாரக் கணக்கையே எடுத்துக்கொண்டோம். ஒரு வீட்டுக்கு இரண்டு பேர், காலையில் ஒரு மணி நேரம், ஆறு வாரம். பிறகு நின்றுவிட வேண்டும். போவது எளிது, நிற்பதுதான் சங்கடம். ஆயாவோ எங்களுக்கு அந்தச் சங்கடம் வைக்கவில்லை. ஐந்தாம் வாரமே, "நாளைலேந்து வராதீங்க, வந்தா காபி போட்டுத் தர்றதே வேலையாப் போவுது" என்றார்.

தற்சமயம் எங்களிடம் இரண்டு வாக்கரும் அந்த ஒரு கமோடு நாற்காலியும் உள்ளன. உங்கள் வீட்டுப் பரணில் சும்மா கிடப்பதைத் துடைத்துக் கொண்டுவந்து கோவில் அலுவலகத்தில் கொடுங்கள். காலையில் ஒரு மணி நேரம் தர இயன்றவர்கள் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் பெயர் கொடுக்கலாம். திருவொற்றியூர்ப் பக்கம் இரண்டு வீடுகள் காத்திருக்கின்றன. ஆண்கள் ஒருவரும் இதுவரை பெயர் கொடுக்கவில்லை.