இணையக் கல்வியும் மேற்பார்வைப் பரீட்சையும்

இன்று கல்லூரிப் பாடம் இல்லத்தைத் தேடி வருகின்றது. அடுக்களை வேலை முடிந்த பின்னரோ, அலுவலகத்தினின்று திரும்பிய பின்னரோ, கைப்பேசியின் முன் அமர்ந்து பேராசிரியரின் சொற்பொழிவைக் கேட்கலாம். மாற்றலாகி நாகபுரிக்குச் சென்றாலும், குவாஹாட்டிக்குச் சென்றாலும் பாடம் நம்மோடு வருகின்றது. ஆனால் பரீட்சை அவ்விதம் வருவதில்லை. அதற்கு ஓர் இடம் வேண்டும். குறித்த நேரம் வேண்டும். எழுதுகின்றவர் இன்னார்தாம் என்று பார்த்துச் சொல்ல ஒருவர் வேண்டும். இவற்றை நாம் எவ்வாறு ஏற்பாடு செய்துகொள்வது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

இந்தத் தேவை புதியதன்று. எங்கே படித்தவராயினும் தன் பரீட்சையை எழுதலாம் என்று லண்டன் பல்கலைக் கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே கதவைத் திறந்தது. 1865-இல் மொரீஷியஸ் தீவில் அப்பரீட்சை நடைபெற்றது. கல்வி எங்கும் நிகழலாம், பரீட்சை மட்டும் நம்பத்தக்கவர் முன்னிலையில் நிகழ வேண்டும் என்னும் முறை அன்றே வேரூன்றியது. நம் நாட்டில் 1962-இல் தில்லிப் பல்கலைக் கழகம் அஞ்சல் வழிக் கல்வியைத் தொடங்கியது. 1985-இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகம் தோன்றியது. 2017-இல் மத்திய அரசின் ‘ஸ்வயம்’ இணையத்தளம் வந்தது.

ஸ்வயத்தில் இடம்பெறும் ‘என்.பி.டி.இ.எல்.’ பாடங்களை எடுத்துக்கொள்வோம். பாடம் கேட்பதற்குக் கட்டணமில்லை. சான்றிதழ் வேண்டுவோர் மட்டும் தனிக் கட்டணம் செலுத்தி, தாம் தேர்ந்த நகரத்தின் மையத்துக்கு நேரில் சென்று பரீட்சை எழுத வேண்டும். மொத்த மதிப்பெண் நூற்றில் வாரப் பயிற்சிகளுக்கு 25; பரீட்சைக்கு 75. ஆகவே பன்னிரண்டு வாரம் கண்விழித்துப் படித்தவரும், பரீட்சை நாளன்று மையத்துக்குச் சென்று சேராவிடில், அத்தனை உழைப்புக்கும் காட்டுவதற்கு ஒரு தாள்கூட இல்லாமல் நிற்க நேரும்.

ஆதலால் நாம் கவனிக்க வேண்டியவை மூன்று.

முதலாவது ஊர். விண்ணப்பத்தில் நகரத்தைக் குறிக்கும் நாளுக்கும் பரீட்சை நாளுக்கும் இடையே பல வாரங்கள் கழிந்துவிடும். நாள் கடந்தபின் நகரத்தை மாற்றுவது எளிதன்று. மாற்றல் உத்தரவை எதிர்நோக்கும் குடும்பங்கள், இன்று இருக்கும் ஊரை அல்ல, அன்று இருக்கப்போகும் ஊரை எண்ணிக் குறிப்பிடுதல் நலம். மையம் தொலைவாயின் முதல் நாளே சென்று தங்குதல் வேண்டும்.

இரண்டாவது பெயர். இதில் நம்மவர்க்கென்றே ஓர் இடர் உண்டு. நாம் தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே இட்டு எழுதுகின்றோம். பிற மாநில அலுவலகங்களிலோ குடும்பப் பெயர் என்ன என்று கேட்கின்றார்கள். ஓர் அட்டையில் முதலெழுத்து முன்னே நிற்கும்; மற்றொன்றில் அது தந்தையின் முழுப் பெயராக விரிந்து பின்னே நிற்கும்; திருமணமான பெண்ணாயின் மூன்றாவதில் கணவர் பெயர் வந்து சேரும். மூவரும் ஒருவரே என்பது நமக்குத் தெரியும். மண்டபத்தின் வாயிலில் நிற்பவர்க்குத் தெரியாது. நுழைவுச் சீட்டிலும் அடையாள அட்டையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கும்படி, பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டையின் மூலத்தையே கொண்டு செல்லவேண்டும், நகல் போதாது.

மூன்றாவது அறை. சில நிறுவனங்கள் வீட்டிலிருந்தே எழுத அனுமதித்து, கணினியின் ஒளிப்படக் கருவி வழியே மேற்பார்வை செய்கின்றன. அப்போது அறையில் பிறர் முகம் தெரிதலும் பிறர் குரல் கேட்டலும் ஐயத்துக்கு இடமாகும். ஓரறை வீட்டில் குழந்தைகளோடும் முதியோரோடும் வாழும் குடும்பத்துக்கு அந்தத் தனிமை எளிதில் கிட்டாது. மின்சாரமும் இணைய இணைப்பும் இடையில் அறுந்துபோகலாம். இரு வழியும் இருக்குமாயின், அத்தகையோர் மையத்தை நாடுவதே நன்று.

இத்தனை கண்காணிப்பு நம் நேர்மையை இழிவுபடுத்துவதாகாதா என்று சிலர் கேட்கக் கூடும். மேற்பார்வையாளரைக் குறிக்கும் ‘புரொக்டர்’ என்னும் ஆங்கிலச் சொல், பிறர்பொருட்டு நின்று காரியம் பார்ப்பவர் என்னும் பொருளுடைய பழைய லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் இதனை நோக்கும்போது, ‘காவலர்’ என்பதைவிடச் ‘சாட்சி’ என்பதே பொருந்துமெனத் தோன்றுகின்றது. சொந்த ஊரில் நம்மை இன்னார் மகள், இன்னார் பேரன் என்று அறிந்து சொல்வார் உண்டு. வந்த ஊரில் வேலை தருபவர் நம்மை அறியார். அங்கே, இவர் தாமே படித்தார், தாமே எழுதினார் என்று நமக்காகச் சொல்லும் வாய் அந்த மண்டபத்தின் சாட்சியே. அச்சாட்சியின்றிப் பெற்ற சான்றிதழை உலகம் இருமுறை புரட்டிப் பார்க்கும்.

ஒரு வேண்டுகோள். நம் தமிழ்ச் சங்கங்கள் பல நகரங்களில் பொங்கல் விழாவும் இசை விழாவும் சிறப்புற நடத்துகின்றன. வேற்றூரிலிருந்து பரீட்சைக்கு வரும் நம் பிள்ளைகள் ஓரிரவு தங்க இடமும், மையத்துக்குச் செல்ல வழி சொல்லும் ஒருவரும் கிடைக்கும்படி செய்தால், அதுவும் தமிழ்ப் பணியே ஆகும்.