குழந்தையின் துடிப்புக் குறைந்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள்

 

தாயின் வயிற்றிலேயே உயிர் பிரிந்து பிறக்கும் சிசுக்களைப் பற்றி எமது வீடுகளில் எவரும் பேசுவதில்லை. அடக்கம் செய்துவிட்டு, "அல்லாஹ்வின் நாட்டம்" எனக் கூறி மௌனமாகி விடுகின்றோம். நாட்டம் அவனுடையதே. ஆயினும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பிக்கப்பட்ட சமூகம் நாம். கட்டவேண்டிய கயிறு எது என்பதையே இன்று பேச விரும்புகின்றேன்.

2021ஆம் ஆண்டுக்கான ஐக்கிய நாடுகள் மதிப்பீட்டின்படி, கர்ப்பத்தின் 28 வாரங்கள் நிறைந்த பின்னர் உலகில் ஏறத்தாழ 19 இலட்சம் சிசுக்கள் இறந்து பிறந்தன. இத்தகைய மரணங்களுள் 40 சதவீதத்துக்கும் அதிகமானவை பிரசவ வலி தொடங்கிய பின்னரே நிகழ்கின்றன. வலி தொடங்கும்வரை உயிரோடிருந்த பிள்ளைகள் அவர்கள்!

இலங்கையில் வசதியில்லை என்று நாம் கூறமுடியாது. மருத்துவமாது வீடு தேடி வருகின்றார். கர்ப்பிணிகளுக்கான கிளினிக்கில் கட்டணமின்றி இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்கப்படுகின்றன. சிபிலிஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனையும் உண்டு. "எங்கள் பிள்ளைக்கா இந்தப் பரிசோதனை?" என்று முகம் சுளிக்கும் பெற்றோரும் இருக்கின்றனர். அது எல்லாத் தாய்மாருக்கும் பொதுவானது. அந்நோய் சிசுவைக் கருவிலேயே கொல்லக்கூடியது. தாயிடமிருந்து சிசுவுக்கு அது தொற்றுவதை இலங்கை ஒழித்துள்ளதென உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் சான்றளித்தமைக்கு இப்பரிசோதனையும் ஒரு காரணமாகும்.

சகோதரிகளே, உங்கள் குழந்தை எப்போது துடிக்கும், எவ்வளவு துடிக்கும் என்பதை உங்களைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. அந்த வழக்கம் குறைந்தாலோ நின்றாலோ அன்றே, அது நள்ளிரவாயினும், வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். "மாதம் நிறைந்தால் பிள்ளை அடங்கிவிடும்" என்று மூத்த பெண்கள் ஆறுதல் கூறுவர். அன்பினால் கூறுகின்றனர், ஆனால் அது தவறு. பிரசவம் வரை குழந்தை அசைய வேண்டும். இனிப்பாக எதையேனும் பருகிவிட்டுக் காலைவரை பார்ப்போம் என்பதும் ஆபத்தானது. எல்லாம் நலமென்று வீட்டுக்கு அனுப்பினால் மகிழ்ச்சியுடன் திரும்புங்கள். மறுநாள் மீண்டும் குறைந்தால் வெட்கப்படாது மீண்டும் செல்லுங்கள். 28 வாரங்களுக்குப் பின்னர் மல்லாந்து உறங்காது பக்கவாட்டில் சாய்ந்து உறங்குவதும் நல்லது.

இளைஞர்களே, மனைவி "பிள்ளை துடிக்கவில்லை" என்று சொல்லும்போது உம்மாவிடமோ மாமியிடமோ கேட்டுவிட்டு முடிவெடுக்காதீர்கள். வாகனத்தை அழையுங்கள். வீட்டினுள் சிகரட் புகைப்பதையும் நிறுத்துங்கள். அப்புகை கருவிலுள்ள சிசுவையும் பாதிக்கின்றது. நோன்பு காலத்தில் கர்ப்பிணிக்கு மார்க்கம் தந்த சலுகையை அவள் பயன்படுத்தினால் குறைகூறாதீர்கள். நீரிழிவுள்ள தாய் வைத்தியரைக் கேளாது நோன்பு நோற்கலாகாது.

எல்லாக் கவனமும் எடுத்தும் சில இல்லங்களில் இத்துயரம் நேர்ந்துவிடுகின்றது. அப்போது தாயைக் குற்றவாளியாக்கும் ஒரு சொல்லும் உங்கள் வாயிலிருந்து வரவேண்டாம். காரணம் என்னவென்று வைத்தியரிடம் கேளுங்கள். வைத்தியசாலையில் தரும் அட்டையைக் கவலையின் மிகுதியால் கிழித்தெறிய வேண்டாம். அடுத்த கர்ப்பத்தில் மருத்துவமாதுவிடம் முதல் நாளே காட்டவேண்டியது அதுதான்.