வரமும் வரம்பும்

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



கதை கேட்பதில் ஓர் இன்பம் உண்டு. கதைக்குள் புகுந்து அதில் ஒரு மாந்தராய் நடப்பதில் மற்றோர் இன்பம் உண்டு. இவ்விரண்டாவது இன்பத்தையே விளையாட்டாக்கி, 1974-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் வெளியிட்டனர். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்பது அதன் பெயர். நால்வரோ ஐவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்வர். ஒருவர் கதையை நடத்தும் நடுவர்; ஏனையோர் ஆளுக்கொரு கதைமாந்தர். தாம் செய்ய முயல்வது இன்னதென்று ஆடுவோர் சொல்ல, அது பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவுசெய்யும். ஒருவரை ஒருவர் வெல்வது இதன் நோக்கமன்று. கூடிக் கதை வளர்ப்பதே நோக்கம். இன்று இந்திய இளைஞரும் இதனை ஆடுகின்றனர். விதிநூலில் உள்ள ஆற்றல்கள் போதாவென்று, பறத்தல், உருமாறுதல் முதலிய தெய்விக ஆற்றல்களைத் தாமே படைத்துச் சேர்ப்போரும் உளர். சிக்கல் அங்கேதான் பிறக்கிறது.

ஒரு செயல் பலிக்க 11 அல்லது அதற்கு மேல் விழவேண்டும் என்று கொள்வோம். 20 முகங்களுள் 10 முகங்கள் பலன் தரும். ஒருவருடைய ஆற்றல் விழுந்த எண்ணோடு 5 கூட்டித் தருமாயின் 15 முகங்கள் பலன் தரும். 10 கூட்டித் தருமாயின், 1 விழுந்தாலும் 11 ஆகிவிடும். பகடையை உருட்டவே வேண்டியதில்லை. அவ்வாற்றல் பெற்றவர் எல்லாக் கதவுகளையும் திறப்பார். எல்லாப் பகைகளையும் வெல்வார். உடன் அமர்ந்தோர் வேடிக்கை பார்ப்பர். சில நாளில் அவர்கள் வருவதை நிறுத்திவிடுவர், மேசை காலியாகும். ஆகவே, ஓர் ஆற்றலைப் படைப்பதைக் காட்டிலும் அதற்கு வரம்பு வகுப்பதே அரிய பணியாகும்.

இப்பணியில் தமிழ்க் கதைமரபு முன்பே தேர்ந்திருந்தது என்பதற்குக் கடலூர், சிதம்பரம் வட்டாரமே சான்று கூறும். பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் தோன்றியவர் திருநாவுக்கரசர். அவரைக் கல்லோடு பிணித்துக் கடலில் எறிந்தனர் என்றும், அக்கல்லே தெப்பமாகித் திருப்பாதிரிப்புலியூரில் அவரைக் கரை சேர்த்தது என்றும் பெரியபுராணம் கூறும். கடலூரில் கரையேறவிட்டகுப்பம் என்னும் பெயர் அந்நிகழ்ச்சியை இன்றும் நினைவூட்டுகிறது. தில்லையின் தென்புறத்தே, சீர்காழியில் தோன்றியவர் திருஞானசம்பந்தர். இறையருளால் அரியன செய்த இவ்விருவரும் ஒருங்கே தலயாத்திரை செய்கின்றனர். இருவருள் எவரும் மற்றவரால் மங்காதவாறு சேக்கிழார் எங்ஙனம் கதை நடத்துகிறார் என்பதே கருதத்தக்கது.

திருவீழிமிழலையில் பஞ்சம் வருகிறது. அடியார்க்கு அமுதளிக்க நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு பொற்காசு கிடைக்கிறது. கைத்தொண்டு புரியும் நாவுக்கரசர் பெற்ற காசு குறையின்றிச் செல்கிறது. சம்பந்தர் பெற்ற காசுக்கு வட்டம் கழிக்கின்றனர். அதனால் அவர் மடத்தில் அமுது சமைக்கக் காலம் தாழ்கிறது. அக்குறை நீங்க அவர் பாட வேண்டியதாயிற்று. பின்னர்த் திருமறைக்காட்டில் நிலை மாறுகிறது. அடைபட்டிருந்த கதவைத் திறக்க நாவுக்கரசர் பதிகம் முழுவதும் பாட வேண்டியிருந்தது. அதனை அடைக்கச் சம்பந்தர்க்கு ஒரு பாடலே போதியதாயிற்று. ஓரிடத்தில் முதியவர் ஏற்றம் பெறுகிறார். மற்றோரிடத்தில் இளையவர் ஏற்றம் பெறுகிறார். இருவர் ஆற்றலும் ஒரே அளவினதாக்கப்படவில்லை. ஒவ்வொருவர்க்கும் உரிய இடம் ஒன்று அமைகிறது. சமன் என்பதற்கு இதனினும் நல்ல இலக்கணம் வேண்டுவதில்லை.

மணிமேகலைக் காப்பியம் வேறு வகையான வரம்புகளைக் காட்டுகிறது. உருமாறவும் வான்வழிச் செல்லவும் பசியைத் தாங்கவும் மூன்று மந்திரங்களை மணிமேகலை பெறுகிறாள். அவற்றுள் உருமாற்றமே அவளைத் துன்பத்தில் ஆழ்த்துகிறது. காயசண்டிகையின் வடிவில் அவள் நிற்க, அவளைத் தன் மனைவியெனவே கருதிய காஞ்சனன் உதயகுமரனை வெட்டி வீழ்த்துகிறான். மணிமேகலை சிறை புகுகிறாள். எடுத்த உருவத்துக்குரிய உறவும் பகையும் உடன் வரும் என்பது அவ்வாற்றலின் விலை. அள்ளக் குறையாத அமுதசுரபியும், நாடு செழித்துப் பசித்தோர் இல்லாத காலத்தில் ஆபுத்திரனுக்குப் பயன்படவில்லை. தேவை உள்ள இடத்தில்தான் ஆற்றலுக்கு மதிப்பு உண்டு.

எல்லா வரம்பும் நல்வரம்பு ஆகிவிடாது. தில்லையில் இறைவரும் காளியும் ஆடற்போர் நிகழ்த்திய கதை யாவரும் அறிந்தது. திருவாலங்காட்டிலும் அது வழங்குகிறது. இறைவர் காலைத் தலைக்கு மேல் தூக்கி ஆட, நாணத்தால் அவ்வாறு ஆடாது நின்ற காளி தோற்றாள் என்பர். ஆடும் திறத்தில் அவள் குறைந்தாள் என்று கதை கூறவில்லை. ஒருத்திக்கு மட்டும் உலகம் விதித்த கட்டுப்பாடு போட்டியின் முடிவாயிற்று. இன்று விதி வகுப்போர் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மந்திரம் வல்ல பெண்பாத்திரத்துக்கு மட்டும் அச்சம், மடம், நாணம் என்று தடை வைப்பது சமன் ஆகாது. ஆயினும் கதைமரபு காளியைக் கைவிடவில்லை. ஊரின் வட எல்லையில் அவளுக்குத் தனிக்கோயில் அமைந்தது. நடராசரை வணங்குவோர் தில்லைக்காளியையும் வணங்கிச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு.

அடியார் வரலாற்றைப் பகடையோடு சேர்க்கலாமா என்று சிலர் வினவக்கூடும். வினா நேரியதே. அடியாரை ஆட்டக்காயாக்க வேண்டியதில்லை; கதையின் அமைப்பைக் கற்றுக்கொண்டால் போதும். காட்டாக, கனத்த பொருளை நீரில் மிதக்கச் செய்யும் ஆற்றல் ஒன்றைப் படைப்பதாகக் கொள்வோம். பாடும் வரையில்தான் அது மிதக்கும். பாட்டோசை பகைவர் செவிக்கும் எட்டும். பாடுபவர் வேறொன்றும் செய்தல் இயலாது. ஒரு நாளைக்கு ஒரு முறையே பலிக்கும். இந்நான்கு வரம்புகளால் என்ன நிகழ்கிறது? துடுப்பு வலிக்க ஒருவர் வேண்டும். அம்பைத் தடுக்க ஒருவர் வேண்டும். நீரோட்டம் அறிந்து வழிகாட்ட ஒருவர் வேண்டும். பாடுபவரின் பெருமை குறையவில்லை. உடன் இருக்கும் மூவர்க்கும் வேலை கிடைத்துவிட்டது. புதிய ஆற்றல் ஒன்றை ஏற்பதா தள்ளுவதா என்று ஐயுறும் நடுவர், ‘இது வந்தபின் மற்றவர்க்குச் செய்ய என்ன எஞ்சும்?’ என்று தம்மைக் கேட்டுக்கொள்வாராக. விடை இல்லையாயின் வரம்பைக் கூட்ட வேண்டும். ஆடிப் பார்த்தபின் ஒருவர் ஓயாது சும்மா இருப்பாராயின் விதியைத் திருத்தவும் தயங்கலாகாது.

வயலுக்கு வரப்பு இருப்பதால்தான் நீர் நிற்கிறது. நீர் நிற்பதால்தான் நெல் விளைகிறது. வரத்துக்கு வரம்பும் அத்தகையதே. புலமை மிக்கார் ஒருவரே பேசி ஏனையோர் கேட்டுக்கொண்டே இருந்திருந்தால் இவ்விலக்கிய வட்டம் பத்தாண்டு நடந்திராது. இளையோர்க்கும் புதியோர்க்கும் பேசும் முறை வந்தமையால் நடந்தது. இனிவரும் ஆண்டுகளிலும் அம்முறை தவறாதிருக்க வேண்டும் என விழைந்து இவ்வுரை நிறைவுபெறுகிறது.