பாண்டியன் வணங்கிய பாதங்கள்



குற்றாலத்தில் அருவியாய் விழுந்து, தென்காசியைக் கடந்து, நம் வீரகேரளம்புதூரை வந்தடைகின்ற சிற்றாற்றின் கரையிலே, நவநீதகிருஷ்ணன் குடிகொண்ட இந்த ஊரிலே, ஆலயப் பிரதிஷ்டையைப் பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஊற்றுமலை ஜமீனின் மண்ணில் நின்று வாய் திறக்கச் சற்றே கூச்சமாகத்தான் இருக்கிறது.

காசிக்குப் போக இயலாத தென்னாட்டு அடியார்களுக்காக இங்கேயே ஒரு காசியைச் சமைக்கும்படி ஈசன் கனவில் வந்து கட்டளையிட்டதாகவும், எறும்புகளின் வரிசையைப் பின்தொடர்ந்து சென்று லிங்கத்தைக் கண்டதாகவும் ஐதிகம் சொல்லுகிற பராக்கிரம பாண்டியன், 1446-ஆம் ஆண்டு தென்காசி விசுவநாதர் ஆலயத் திருப்பணியைத் தொடங்கினான். பின்னர்த் தொடங்கிய ராஜகோபுரம் அவன் ஆயுளுக்குள் நிறைவேறவில்லை. தம்பி குலசேகரன் முடித்து வைத்தான். நான் வியப்பது கோபுரத்தின் உயரத்தையன்று. பிற்காலத்தில் இந்த ஆலயத்தில் பழுது நேர்ந்தால் அதைச் செப்பனிடப் போகிறவர்கள் யாராயினும், அவர்களுடைய பாதங்களில் இப்பொழுதே விழுந்து வணங்குகிறேன் என்று தன் பாடலைக் கல்லிலே வெட்டுவித்தானே, அந்த விநயத்தைத்தான். வானமும் கொள்ளாத உம்மை இந்த வீடா கொள்ளும் என்று எருசலேம் ஆலயத்தை அர்ப்பணித்த நாளில் சாலமோன் மன்னன் இறைவனை நோக்கி வினவினான். நம் பாண்டியனோ, பிறவாத கொத்தனையும் நோக்கிக் கைகூப்பினான்.

நம் ஆகம முறையும் இப்படிப் பின்னால் செப்பனிட வருகிறவர்களை எதிர்பார்த்தே அமைந்திருக்கிறது. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான்கல், காவிக்கல், செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டையும் சேர்த்து, உரலிலே உலக்கை மாறி உலக்கையாக இடித்து, சூடு ஆறுவதற்குள் திரட்டிப் பீடத்துக்கும் மூர்த்திக்கும் இடையே சாத்துகிற அஷ்டபந்தன மருந்துக்குப் பெரியோர் விதித்த ஆயுள் பன்னிரண்டே வருஷம். அதன்பின் மறுபடியும் பாலாலயம், மறுபடியும் யாகசாலை, மறுபடியும் குடமுழுக்கு. ஆண்டவனுக்கு வீடு கட்டிக் கொடுத்துவிட்டோம், கடமை தீர்ந்தது என்று கையைத் தட்டிக்கொண்டு போக எந்தத் தலைமுறைக்கும் இடமில்லை.

1924-இல் தென்காசிக் கோபுரம் தீக்கிரையாகி அறுபது ஆண்டுகளுக்கு மேல் மொட்டையாய் நின்றபோது, பாண்டியனுடைய வணக்கம் பெறுவார் இன்றிக் காத்திருந்தது. 1990-இல் ஒன்பது நிலைகளோடு கோபுரத்தை மீண்டும் எழுப்பிய சிவந்தி ஆதித்தனாரும், பெயர் தெரியாத சிற்பிகளும், சாந்து சுமந்த பெண்களும் அதைப் பெற்றுக்கொண்டார்கள்.

திருப்பணிக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். உபயதாரர்களின் பெயர்களைத் தொகையுடன் கல்லில் பொறிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். தாராளமாகப் பொறியுங்கள், கொடுத்தவன் பெயரைப் பார்க்க ஆசைப்படுவதில் குற்றமொன்றும் இல்லை. அந்தக் கல்லின் அடியில் மட்டும், அடுத்த முறை மருந்து சாத்த வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.