இராகலைக்குப் போன கோச்சி

(தோட்ட வாசிகசாலைக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



நான் இங்கே வந்தால் தடுப்பூசி, ஈ.பி.எப். படிவம், மலசலகூடம் என்றுதான் பேசுவேன். இன்றைக்கு ஒரு கோச்சியைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், இதுவும் உங்கள் நலன் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

போன மாதம் லயத்தில் ஒரு பாட்டியின் முதியோர் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தேன. தொண்ணூறு தாண்டியவர். பேச்சு எங்கெங்கோ போய், "எங்கப்பாரு கோச்சிக்குப் பெட்டி தூக்குனாருங்கய்யா" என்றார். எந்தக் கோச்சி என்று கேட்டேன். "இராகலைக் கோச்சிதான். அது ஊதுனா எங்கம்மா கொழுந்து நிறுக்கக் கூடையத் தூக்கும்" என்றார். பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளை, "பாட்டி சும்மா சொல்லுது சேர், இராகலைக்கு ஏது கோச்சி?" என்றான்.

பாட்டி சும்மா சொல்லவில்லை. நானுஓயாவுக்குப் பெரிய ரயில் பாதை வந்தது 1885-இல். அங்கிருந்து ஒரு சின்னப் பாதை 1903-இல் நுவரெலியாவுக்கும், அடுத்த வருஷம் கந்தப்பளை வழியாக இராகலைக்கும் போட்டார்கள். நீளம் சுமார் 19 மைல். தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடிதான். பெரிய பாதைக்கு ஐந்தரை அடி. மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிற இடத்தில் சின்னப் பாதையென்றால் சட்டென்று வளைக்கலாம், வெட்டுகிற மண்ணும் குறைவு.

அந்தப் பாதையில் கீழே போனது தேயிலை. மேலே வந்தது அரிசியும் உரமும். ஆனால் சின்ன வண்டி பெரிய பாதையில் ஓடாது. நானுஓயாவில் ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, மறுபடியும் ஏற்றவேண்டும். பிறகு லொறி வந்தது. ஸ்டோர் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போனது. ஆட்களுக்கு பஸ்ஸும் வந்தது. 1940-இல் பயணிகள் போவது நின்றது. 1948-இல் சாமான் வண்டியும் நின்று, பாதையே மூடப்பட்டது.

1948 என்றதும் பெரியவர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். அதே வருஷம்தான் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பன் இங்கே பிறந்தானா, பாட்டன் இங்கே பிறந்தானா, கடதாசி காட்டு என்றார்கள். பிறந்தது உண்மை, உழைத்தது உண்மை. கடதாசி மட்டும் இல்லை. அதனால் எத்தனை குடும்பங்கள் நாடற்றவர் ஆயின, எத்தனை குடும்பங்கள் தலைமன்னாரில் கப்பலேறின என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் வரைக்கும் அந்தப் பிரச்சினை இழுத்தது.

இந்தக் கோச்சியின் கதையும் அப்படித்தான். கொழும்பிலே தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பழைய ரயில்வே அறிக்கைகள் இருக்கின்றன. நில அளவைத் திணைக்களத்தின் பழைய வரைபடங்கள் இருக்கின்றன. பாதை எங்கே போனது, வரவு என்ன, செலவு என்ன என்று அவற்றில் தேடலாம். அம்மா கூடை தூக்கிய நேரத்தைத் தேட முடியுமா? அது பாட்டியிடம்தான் இருக்கிறது.

என் சொந்தக் குறையையும் சொல்கிறேன். நான் பிறந்தது தீவகத்துச் சுருவில். அங்கே ரயில் கிடையாது, கடல்தான். பக்கத்து ஊர்காவற்றுறை ஒரு காலத்தில் பெரிய துறைமுகம். என் அப்பப்பா அங்கே வத்தையில் சாமான் ஏற்றியவர். சின்ன வயதில் அவர் கதை சொல்ல வருவார், நான் விளையாட ஓடிவிடுவேன். 1990-இல் இடம்பெயர்ந்தோம். பெட்டியில் இருந்த கடதாசியும் போனது, அப்பப்பாவும் போய்விட்டார். இன்றைக்குச் சுருவிலுக்குப் போனால் கூரையில்லாத வீட்டுச் சுவரைத்தான் பார்க்கலாம். அவர் ஓடிய வத்தையின் பெயரைக்கூட யாரிடம் கேட்பேன்?

ஆகையால் பிள்ளைகளே, ஒரு வேலை தருகிறேன். எண்பது வயது தாண்டியவர்கள் லயத்துக்கு ஒருவராவது இருப்பார்கள். கொப்பியும் பேனையும் எடுத்துப் போய்க் கேளுங்கள். கோச்சி எங்கே நின்றது? யார் பெட்டி தூக்கினார்? எவ்வளவு கூலி? அவர்கள் சொல்கிறபடியே எழுதுங்கள், திருத்தவேண்டாம். சொன்னவர் பெயர், வயது, தேதி போடுங்கள். ஒருவர் சொல்வதை இன்னொருவரிடமும் விசாரியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பழைய தடத்தையும் தேடலாம். மலையில் நம் குறுக்குப்பாதை செங்குத்தாக ஏறும். கோச்சிக்கு அப்படி ஏற முடியாது, சீராக வளைந்துதான் போகும். அப்படி ஒரு தட்டையான தடமோ பழைய கல் மதகோ கண்டால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போனால் இன்னும் நல்லது.

தாய்மாரே, வீட்டிலே பழைய செக்ரோல் துண்டு, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் ஏதும் இருந்தால் அடுப்புப் பக்கம் வைக்காதீர்கள். பிரதி எடுத்து ஒன்றை வாசிகசாலையில் வையுங்கள்.

அந்தப் பேரப்பிள்ளை இப்போது பாட்டியிடம் தினமும் பின்னேரம் எழுதிக்கொண்டு வருகிறான். நாலு பக்கம் ஆகிவிட்டது. "இவ்வளவு நாளா யாருமே கேக்கலையேய்யா" என்கிறார் பாட்டி.

நீங்களும் போய்க் கேளுங்கள். நாளைக்கென்று வைக்காதீர்கள்.