ஆமை புகுந்த வீடு



"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது" என்று நம்மவர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். அமீனா புகுந்தால் ஜப்தி செய்து சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு போவான், அது வாஸ்தவம். ஆமை என்ன செய்யும்? அதற்கு வாரண்டுமில்லை, வாயில் ஒரு பல்லுகூட இல்லை. இதே ஆமைதான் கூர்மாவதாரமாம். ஆந்திர தேசத்து ஸ்ரீகூர்மத்தில் அதற்குக் கோவிலும் உண்டு. கோவிலுக்குள் இருந்தால் சாமி, வீட்டுக்குள் வந்தால் பீடை! இரண்டில் எது நிஜமென்று கேட்டால் நம்மை நாஸ்திகர்கள் என்கிறார்கள்.

சரி, யார் வீட்டில் யார் புகுந்தது என்று பார்ப்போம். பங்குனி ஆமை என்று கரையோரத்தார் அழைக்கும் ஆமையானது தை முதல் பங்குனி வரை இரவில் கரையேறி, மணலில் குழி தோண்டிச் சுமார் 100 முட்டையிட்டுவிட்டுப் போய்விடுகிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். வழி சொல்லத் தாய் கூட இராது. எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல் என்று குஞ்சு ஓடும். முன்பெல்லாம் அது கடலாகவே இருந்தது. இப்போது சென்னைக் கரையில் அது தெருவிளக்காகவும் ஓட்டல் விளக்காகவும் இருப்பதால், குஞ்சு ரோட்டுக்கு வந்து நசுங்கிச் சாகிறது. (மணலில் சூடு மிகுந்தால் பெண் குஞ்சும், குறைந்தால் ஆண் குஞ்சும் பிறக்கும். இதில் ஜாதகத்துக்கோ வரத்துக்கோ வேலையில்லை.)

2025-ம் வருஷம் ஜனவரியில் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. அறுத்துப் பார்த்ததில் மூச்சு முட்டிச் செத்த அடையாளமே தெரிந்தது. ஆமைக்குச் செவுள் கிடையாது, நம்மைப்போல நுரையீரல்தான். விசைப்படகின் இழுவலையில் அகப்பட்டு, மேலே வந்து மூச்சு வாங்க முடியாமற் போனால், கடலிலேயே வாழும் ஜீவன் கடலிலேயே மூழ்கிச் சாகும். கரையிலிருந்து 5 கடல்மைலுக்குள் விசைப்படகு வலை இழுக்கக்கூடாது என்று சட்டமிருக்கிறது. சட்டம் ஏட்டில் இருக்கிறது. வலை கடலில் இருக்கிறது! இதற்காகக் கட்டுமரக்காரரைத் திட்டுவது அநியாயம். அந்த 5 மைல் அவர்களுடைய பிழைப்புக்கென்று விடப்பட்டது. ஆமையை வாரும் வலைதான் அவர்கள் மீனையும் வாருகிறது. இழுவலையில் ஒரு கம்பித் தடுப்பும் வாசலும் வைத்தால், இறால் உள்ளே தங்கும், ஆமை வெளியே போய்விடும். அமெரிக்காவில் 1980-களிலேயே இதைச் செய்துவிட்டார்கள்.

"எல்லாம் கலிகாலம், அழிவது விதி" என்று சொல்லும் பெரியவர்களுக்கு ஒரு சேதி. பேராமை என்ற பச்சை ஆமையை அழியும் பட்டியலில் வைத்திருந்த உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தார், 2025 அக்டோபரில் அதை அப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். 1970-களிலிருந்து அது உலகத்தில் நூற்றுக்கு 28 வீதம் பெருகியிருக்கிறதாம். பழைய தொகைக்கு இன்னும் வரவில்லையென்றாலும், முட்டையைக் காத்து, வேட்டையைத் தடுத்து, வலையைத் திருத்தின இடங்களில் விதி எங்கே போயிற்று?

சென்னையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் கரையோரம் நடந்து, முட்டைகளை எடுத்துப் பத்திரப்படுத்திக் குஞ்சுகளைக் கடலில் விட்டு வருகிறார்கள். தை பிறந்ததும் நம் தோழர்களும் கூட நடக்கலாம். கையிலுள்ள விளக்கை மட்டும் அணைத்துக்கொண்டு வாருங்கள்.